இரையிடும் கை சற்றே நிற்கட்டும்

சிகிச்சை முடியக் காத்திருக்கும் உறவினர்கள், மருத்துவமனைப் பூங்காவில் அமர்ந்து, கையிலுள்ள ரொட்டியைப் பிய்த்துப் புறாக்களுக்கு இடுவதை நாம் அடிக்கடி காண்கிறோம். நோயின் முன் செய்வதறியாது நிற்கும் வேளையில், ஓர் உயிருக்கேனும் உணவளித்தோம் என்னும் ஆறுதல் சிறியதன்று. உண்ணுமுன் காக்கைக்குச் சோறிடும் மரபில் வளர்ந்த நமக்கு அது இன்னும் நெருக்கமானது. ஆயினும், இவ்வழக்கத்தை இங்கே நாம் கைவிட வேண்டும் என்பதே எங்கள் கருத்து.

சிங்கப்பூரில் மிகுதியாகக் காணப்படும் மாடப்புறா, காக்கை, ஜாவா மைனா ஆகிய மூன்றும் இம்மண்ணுக்கு உரியவை அல்ல. ஜாவா மைனா 1920-களில் கூண்டுப் பறவையாக வந்தது. காக்கையோ, காப்பித் தோட்டப் புழுக்களைத் தின்பதற்காக இலங்கையிலிருந்து மலாயாவின் கிள்ளான் பகுதிக்குக் கொண்டுவரப்பட்ட பறவை. இன்று இவை பெரிதும் நம் மிச்ச உணவை நம்பியே நகரில் பெருகுகின்றன.

இரை தட்டின்றிக் கிடைத்தால் புறா ஆண்டு முழுவதும் முட்டையிடும். தொண்டைப் பையில் சுரக்கும் பாலையே குஞ்சுகளுக்கு ஊட்டுவதால், பூச்சிகள் மலியும் பருவத்துக்காக அது காத்திருப்பதில்லை. சிலவற்றைப் பிடித்து அகற்றினாலும், இரை உள்ளவரை வேறு புறாக்கள் அவ்விடத்தை நிரப்பிவிடும். சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் 1988-இல், இரையிடுவதைக் குறைக்குமாறு மக்களிடம் எடுத்துரைக்கும் இயக்கம் தொடங்கிய பின்னரே புறாக்கள் சில ஆண்டுகளில் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தன.

மருத்துவமனையில் இக்கவலை இருமடங்காகிறது. புறாவின் உலர்ந்த எச்சத்தில் கிரிப்டோகாக்கஸ் என்னும் பூஞ்சை வளர்வதுண்டு. அது தூசியோடு மூச்சில் கலந்தாலும் நலமுள்ளோர்க்குப் பெரும்பாலும் தீங்கு நேர்வதில்லை. ஆனால் புற்றுநோய் மருந்தாலோ உறுப்பு மாற்றுச் சிகிச்சையாலோ எதிர்ப்பாற்றல் குன்றியோரின் நுரையீரலையும் மூளையையும் அது தாக்கக்கூடும். நாம் இரையிடும் இருக்கைக்கு அருகிலேயே அத்தகையோர் சக்கர நாற்காலியில் காற்று வாங்க வருகின்றனர்.

வனவிலங்குச் சட்டப்படி இரையிடுவது 2020 முதல் இங்குக் குற்றமாகும். முதல் முறைக்கே 5,000 வெள்ளி வரை அபராதம் விதிக்கப்படலாம். எனினும், அபராதத்துக்கு அஞ்சி அல்ல, அருகிலிருக்கும் நோயாளியை எண்ணியே நம் கை நிற்க வேண்டும். உண்ட தட்டை உரிய இடத்தில் வைப்போம். மிச்சத்தை மூடியுள்ள தொட்டியில் இடுவோம். முன்னோர்க்கான படையலை இல்லத்தினுள்ளே வைத்து வணங்குவோம். பறவைகளைப் பார்த்து மகிழ்வதற்கு ரொட்டித் துண்டு தேவையில்லை.