வீட்டுக் கேமரா யாருக்குக் காட்டுகிறது?

2025 பிப்ரவரியில் குஜராத் போலீஸார் விசாரிக்கத் தொடங்கிய வழக்கு அது. ராஜ்கோட்டின் ஒரு மகப்பேறு மருத்துவமனைக்குள் பெண் நோயாளிகளைப் பரிசோதிக்கும் காட்சிகள் யூட்யூபில் தலைகாட்டின. முழுப் பதிவுகள் டெலிகிராமில் விலைக்குக் கிடைத்தன. யாரும் ரகசியக் கேமரா பொருத்தவில்லை. மருத்துவமனையே பாதுகாப்புக்காக வைத்த கேமராக்கள்தான் அவை. சுலபமாக ஊகிக்கக்கூடிய பாஸ்வேர்ட், திருடர்களுக்குக் கதவைத் திறந்துவிட்டிருந்தது.

இது புதிய கதையும் அல்ல. 2016 அக்டோபர் 21 அன்று அமெரிக்காவில் ட்விட்டர், நெட்ஃப்ளிக்ஸ் உள்பட பல சேவைகள் மணிக்கணக்கில் முடங்கின. தாக்கியது மிராய் என்ற வைரஸ் திரட்டிய படை. படை வீரர்களில் பெரும்பாலோர் வீடுகளிலும் கடைகளிலும் இருந்த கேமராக்களும் அவற்றின் பதிவுப் பெட்டிகளும்தான். கம்பெனி போட்டு அனுப்பிய பாஸ்வேர்டுகளில் அறுபது சொச்சத்தை வரிசையாக முயன்று பார்த்தே மிராய் உள்ளே நுழைந்தது.

காசு கொடுத்து நல்ல கம்பெனியின் சேவையை வாங்கினால் கவலை இல்லையா? அமேசானுக்குச் சொந்தமான ரிங் நிறுவனத்தின் ஊழியர்கள் வாடிக்கையாளர்களின் படுக்கையறை, குளியலறைக் காட்சிகளைப் பார்க்க முடிந்தது என்று அமெரிக்க வர்த்தக ஆணையம் 2023இல் குற்றம்சாட்டியது. 58 லட்சம் டாலர் கட்ட ரிங் ஒப்புக்கொண்டது. காட்சிகள் அடுத்தவர் கம்ப்யூட்டரில் தங்கும்வரை சாவியும் அவர் கையில்தான்.

இதற்கு மாற்று, பதிவு செய்யும் வேலையை வீட்டிலேயே வைத்துக்கொள்வது. அதற்கான சாஃப்ட்வேர் இலவசமாகவே கிடைக்கிறது. அதன் மூல நிரலை யாரும் படித்துப் பார்க்கலாம். இந்த ரகத்தில் பழைய பெயர் ஸோன்மைண்டர். ஃபிலிப் கூம்ப்ஸ் என்பவர், தன் கார் ஷெட்டிலிருந்து மின் கருவிகள் திருடு போனதும் கடுப்பாகி எழுதத் தொடங்கியது. இன்று பல நாட்டுத் தன்னார்வலர்கள் அதைப் பராமரிக்கிறார்கள். புதிதாக வந்த ஃப்ரிகேட், அசைவது மனிதனா, நாயா, காரா என்று பிரித்துச் சொல்லும். அதற்குச் சற்று வலுவான கம்ப்யூட்டர் வேண்டும்.

ஸோன்மைண்டருக்கு அவ்வளவு தேவையில்லை. பரணில் தூங்கும் பழைய கம்ப்யூட்டரில் டெபியன் அல்லது உபுண்டு லினக்ஸைப் போட்டால் இரண்டு மூன்று கேமராக்களைச் சமாளிக்கும். கரன்ட் செலவையும் கணக்கிடுங்கள். 60 வாட் இழுக்கும் கம்ப்யூட்டர் இரவு பகலாக ஓடினால் மாதம் 43 யூனிட். கேமரா வாங்கும்போது அது ஆர்டிஎஸ்பி, ஆன்விஃப் ஆகியவற்றை ஏற்குமா என்று கேளுங்கள். கம்பெனியின் செல்போன் ஆப் வழியாக மட்டுமே பேசும் கேமரா இந்த வேலைக்கு உதவாது. ஒரே கேபிளில் மின்சாரமும் படமும் போகும் வகை சௌகரியமானது. 100 மீட்டர் தூரம்வரை இழுக்கலாம்.

நிறுவுவதில் பெரிய வித்தை இல்லை. ஸோன்மைண்டருடன் ஒரு வெப் சர்வரும் மரியாடிபி போன்ற தகவல் களஞ்சியமும் சேர்ந்து அமரும். வீட்டுக்குள் இருக்கும் எந்த பிரௌசரிலிருந்தும் அதைத் திறந்து, கேமராவின் முகவரியைக் கொடுத்தால் படம் வந்துவிடும். அந்தச் சந்தோஷத்தில் பலரும் நிறுத்திவிடுகிறார்கள். உண்மையான வேலை அதற்குப் பிறகுதான்.

முதல் வேலை பூட்டு. ஸோன்மைண்டர் நிறுவிய கையோடு பாஸ்வேர்ட் கேட்பதில்லை. அமைப்புகள் பக்கத்துக்குப் போய், உள்ளே வருபவர் யார் என்று சரிபார்க்கும் வசதியை நீங்கள்தான் இயக்க வேண்டும். கூடவே வரும் நிர்வாகியின் ஆரம்ப பாஸ்வேர்டையும் மாற்ற வேண்டும். இதைச் செய்யாவிட்டால் ராஜ்கோட்டில் நடந்ததற்கும் உங்கள் வீட்டுக்கும் வித்தியாசம் இல்லை. கேமராவுக்கும் தனி பாஸ்வேர்ட் போடுங்கள். கேமராக்கள் இன்டர்நெட் பக்கம் போகவே முடியாதபடி ரௌட்டரில் தடுத்துவிடுங்கள். அவை உங்கள் கம்ப்யூட்டரோடு மட்டும் பேசினால் போதும். 2025 ஏப்ரல் 9 முதல் இந்தியாவில் விற்பனைக்கு வரும் கேமராக்கள் பாதுகாப்புச் சோதனையில் தேற வேண்டும் என்பது மத்திய அரசு விதி. நல்ல விதிதான். ஆனால் உங்கள் சுவரில் ஏற்கெனவே இருக்கும் கேமராவை அது சோதித்துத் தராது.

ஊரில் இல்லாதபோது பார்க்க வேண்டுமா? ரௌட்டரில் ஓட்டை போட்டு வெளியுலகுக்கு வழிவிடுவது பழைய முறை, ஆபத்தான முறை. பல பிராட்பேண்ட் இணைப்புகளில் அதற்கு வேண்டிய தனி முகவரியும் கிடைப்பதில்லை. வயர்கார்டு போன்ற மறைகுறிச் சுரங்கப்பாதை வழியாக வருவதே உத்தமம். தனி முகவரி இல்லாதவர்களுக்கு, அதே தொழில்நுட்பத்தின் மேல் அமைந்த டெயில்ஸ்கேல் போன்ற சேவைகள் கைகொடுக்கும்.

இரண்டாவது வேலை இடம். நொடிக்கு 2 மெகாபிட் அனுப்பும் ஒரு கேமரா நாளொன்றுக்குச் சுமார் 21 ஜிபி தின்னும். நான்கு கேமராக்கள் ஓயாமல் பதிந்தால் 1 டிபி டிஸ்க் பன்னிரண்டு நாளுக்குள் நிரம்பிவிடும். அசைவு தெரிந்தால் மட்டும் பதியச் சொல்லலாம். டிஸ்க் நிரம்பும் கட்டத்தில் பழைய பதிவுகளை அழிக்கும் வடிகட்டி ஸோன்மைண்டரில் உண்டு. அது இயங்குகிறதா என்று ஒருமுறை உறுதி செய்துகொள்ளுங்கள். திருட்டு நடந்த இரவில் டிஸ்க் நிறைந்து கிடந்தால் அத்தனை உழைப்பும் வீண்.

மூன்றாவது வேலை பொறுமை. சாஃப்ட்வேர் அசைவு என்று சொல்வது புள்ளிகளின் மாற்றத்தைத்தான். கேமரா முகத்தில் வலை பின்னும் சிலந்தி, சுவரில் ஓடும் பல்லி, வேப்பங்கிளையின் நிழல், தெருவில் திரும்பும் ஆட்டோவின் வெளிச்சம் எல்லாமே அதற்குத் திருடர்கள்தான். படத்தில் எந்தப் பகுதியைக் கவனிப்பது, எதை விடுவது என்று கோடு போட்டுக் காட்ட வேண்டும். படம் முழுவதும் ஒரே நொடியில் மாறினால் யாரோ விளக்கைப் போட்டார்கள் என்று எடுத்துக்கொள்ளவும் கற்றுத் தரலாம். இரவில் ஐம்பது தடவை அலறும் காவல்காரனை மூன்றாம் நாள் யாரும் பொருட்படுத்த மாட்டார்கள். ஆகவே ஒரு வாரமாவது இதற்கு ஒதுக்குங்கள்.

பதிவு நீதிமன்றம்வரை போகலாம் என்பதையும் மறக்காதீர்கள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவின்படி, மின்னணுப் பதிவின் நகலோடு சான்றிதழ் ஒன்றும் தர வேண்டும். அந்தப் படிவத்தில் கோப்பின் ஹாஷ் மதிப்பைக் குறிக்கச் சொல்கிறார்கள். கோப்பில் ஒரு புள்ளி மாறினாலும் இந்த எண் மாறிவிடும் என்பதால் அது கோப்பின் கைரேகை போன்றது. லினக்ஸில் ஒரே கட்டளையில் அதைக் கணக்கிடலாம். சம்பவம் நடந்த அன்றே நகல் எடுத்து, எண்ணைக் குறித்து வையுங்கள். கம்ப்யூட்டரின் கடிகாரம் சரியான நேரம் காட்டுவதும் அவசியம். திருடன் தூக்கிப்போக வசதியாகத் தொலைக்காட்சிப் பெட்டியின் பக்கத்தில் அதை வைக்காதீர்கள். இன்வெர்ட்டர் இணைப்பும் கொடுங்கள். மின்வெட்டு நேரம் திருடனுக்கும் தெரியும்.

இவ்வளவும் செய்து முடித்தபின் சாவி உங்கள் கைக்கு வந்துவிடும். அப்போதுதான் வேறொரு கேள்வி எழுகிறது. சமையலறையில் நிற்கும் வேலைக்காரப் பெண்மணியும், ஹாலில் படுத்திருக்கும் மாமியாரும், பள்ளி விட்டு வரும் மகளும் இனி யாருடைய பார்வையில் இருக்கிறார்கள்? கொல்கத்தாவில் ஒரே வீட்டில் வசித்த சகோதரர்களுக்கிடையே இந்த வழக்கு எழுந்தது. குடியிருக்கும் பகுதிக்குள், கூட வசிப்பவரின் சம்மதம் இல்லாமல் கேமராவை இயக்கக் கூடாது என்று கல்கத்தா உயர் நீதிமன்றம் 2025இல் சொன்னது. உச்ச நீதிமன்றமும் அதில் தலையிட மறுத்துவிட்டது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றம் 2017இல் அறிவித்தது அரசாங்கத்தை மனதில் வைத்து மட்டுமல்ல என்பது இதிலிருந்து புரியும்.

எனவே கேமராக்கள் வாசல், மாடிப்படி, வண்டி நிறுத்தும் இடம் ஆகியவற்றைப் பார்க்கட்டும். எதிர்வீட்டு ஜன்னல் படத்தில் விழுந்தால் அந்தப் பகுதியை மறைத்துவிடும் வசதி பெரும்பாலான கேமராக்களிலேயே இருக்கிறது. வீட்டில் வேலை செய்பவர்களிடம் கேமரா எங்கே இருக்கிறது, பதிவு எத்தனை நாள் தங்கும் என்று நேரில் சொல்லிவிடுங்கள். ஸோன்மைண்டரில் ஆளுக்கு ஒரு கணக்கு திறந்து, யார் எதைப் பார்க்கலாம் என்று வரையறுக்க முடியும். குடும்பத் தலைவர் ஒருவரே எல்லாவற்றையும் பார்க்கும் ஏற்பாட்டைவிட, வீட்டில் எல்லோரும் கூடிப் பேசி அந்தப் பட்டியலை முடிவு செய்வது நல்லது.