ராஜபக்ஷே விஜயமும் நமது கருப்புக் கொடியும்

சந்தவாசலில் பட்டுத்தறி நெய்து பிழைக்கும் தோழர் ஒருவர் நமக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கின்றார். போளூர் ரோட்டு டீக்கடையில் நடந்த தர்க்கம் ஒன்றைப் பற்றியது அது. "அன்னிய நாட்டுத் தலைவர் ஒருவர் நம் தேசத்துக்கு விருந்தாளியாக வரும்போது கருப்புக் கொடி காட்டுவது யோக்கியமா? ராஜபக்ஷே வந்தபோதெல்லாம் நீங்கள் போட்ட கூச்சலால் இலங்கைத் தமிழனுக்கு ஒரு காசு பிரயோஜனம் உண்டா?" என்று ஊர்ப் பெரிய மனிதர் ஒருவர் கேட்டாராம். தோழருக்குக் கோபம் வந்ததாம், பதில் வரவில்லையாம். நாம் எழுத வேண்டுமென்று கேட்கின்றார்.

கேள்வியின் முதற்பாதி வெறும் புரட்டு. இரண்டாவது பாதியில் கொஞ்சம் உண்மை இருக்கின்றது. அந்த உண்மை நம்மவர்களுக்குப் பிடிக்காது என்று தெரிந்தே எழுதுகின்றோம்.

முதலில் விருந்தாளி விஷயம். 2009 மே மாதம் முள்ளிவாய்க்காலில் யுத்தம் முடிந்தது. அதன் கடைசி மாதங்களில் மாத்திரம் 40,000 வரையில் குடிஜனங்கள் மாண்டிருக்கலாம் என்று ஐக்கிய நாடுகள் சபையின் பொதுச் செயலாளர் நியமித்த நிபுணர் குழு 2011-ல் அறிக்கை கொடுத்தது. சண்டை நடக்காத இடமென்று சர்க்காரே அறிவித்து ஜனங்களை வரச் சொன்ன இடங்களில் குண்டு விழுந்தது. ஆஸ்பத்திரிகளின் மேலும் விழுந்தது. புலிகள் அந்த ஜனங்களைத் தப்பிப்போக விடாமல் கேடயமாக வைத்துக்கொண்டார்கள் என்றும், ஓடினவர்களைச் சுட்டார்கள் என்றும் அதே அறிக்கை சொல்லுகின்றது. அதை மறைத்துப் பேச நமக்கு அவசியமில்லை. ஆனால் புலித்தலைவர் யாரும் டில்லிக்கு விருந்துண்ண வரவில்லை. வந்தவர் அன்று ஜனாதிபதியாயிருந்த மகிந்த ராஜபக்ஷே.

2010 ஜூனில் அவர் அரசாங்க விருந்தாளியாக டில்லிக்கு வந்தார். அதே வருஷம் அக்டோபரில் காமன்வெல்த் விளையாட்டின் முடிவு நாளன்று மேடையில் உட்கார்த்தி வைக்கப்பட்டார். 2012 செப்டம்பர் 21-ந் தேதி சாஞ்சியில் பௌத்தக் கல்விக்கென்று ஒரு சர்வகலாசாலைக்கு அஸ்திவாரக் கல் நாட்டினார். கொல்லாமை சொன்ன புத்தருடைய பேரால் கல் நாட்ட டில்லிக்கும் போபாலுக்கும் வேறு ஆளே அகப்படவில்லை போலும்! 2014 மே 26-ல் மோடி பதவியேற்றபோதும் அழைப்பு, அவரும் வந்தார்.

ஒரு குடும்பத்தில் அண்ணன் ஒருவனை விருந்துக்குக் கூப்பிடுகின்றான். வந்தவன் தம்பியினுடைய பெண் கொடுத்த வீட்டைக் கொளுத்தினவன். தம்பி அவன் இலையில் மண்ணை அள்ளிப் போட வேண்டாம்தான். ஆனால் வாசலில் நின்று, "கொளுத்தினவன் இவன்" என்று சொல்லவும் அவனுக்குப் பாத்தியமில்லை என்றால், அவன் அந்த வீட்டில் தம்பியா, அல்லது பண்ணையாளா? தமிழன் வரிப்பணத்தில் ஒரு பங்கு அந்த விருந்துச் செலவில் சேர்ந்திருக்கும்போது, அவனுடைய வாயை மட்டும் மூடு என்பது எந்த ஊர் நியாயம்?

கருப்புக் கொடி நமக்குப் புதிதல்ல. 1948 ஆகஸ்டில் ராஜகோபாலாச்சாரியார் கவர்னர் ஜெனரலாகச் சென்னைக்கு வந்தபோது கருப்புக் கொடி பிடிப்பதென்று பெரியார் முடிவு செய்தார். முன்கூட்டியே அவரைப் பிடித்துச் சிறையில் வைத்தார்கள். வந்தவரோ பெரியாருடைய பழைய சிநேகிதர். கொடி சிநேகிதருக்கல்ல, அவர் வகித்த பதவிக்கும் அந்தப் பதவி நடத்திய ஆட்சிக்கும் என்பது அன்று எல்லோருக்கும் விளங்கிற்று. ஆகவே 2012-ல் தோழர் வைகோ தம் கட்சியாரைப் பஸ்களில் ஏற்றிக்கொண்டு சாஞ்சிக்குப் புறப்பட்டதும், மத்தியப் பிரதேச எல்லையில் மறிக்கப்பட்டு நடுரோட்டில் உட்கார்ந்ததும் கிரமமான காரியமே. 2014-ல் டில்லியில் அவர் கருப்புக் கொடி பிடித்துக் கைதானதும் அப்படியே.

பலன் என்ன என்கிறார் பெரிய மனிதர். லண்டனைப் பார்க்கட்டும். 2010 டிசம்பரில் ராஜபக்ஷே ஆக்ஸ்போர்டு மாணவர் சங்கத்தில் பேசுவதற்கென்றே அந்த நாட்டுக்குப் போய் இறங்கினார். அங்குள்ள தமிழர்கள் ஆயிரக்கணக்கில் திரளப்போவதைப் பார்த்து சங்கத்தார் கூட்டத்தையே ரத்து செய்தார்கள். 2012 ஜூனில் மறுபடியும் போனார். லண்டன் மான்ஷன் ஹவுஸில் ஏற்பாடாயிருந்த பேச்சும் நடக்கவில்லை. அங்கே எந்தச் சிங்களக் குழந்தையையும் விரட்ட வேண்டியிருக்கவில்லை. எந்த இளைஞனும் தன்னை மாய்த்துக்கொள்ள வேண்டியிருக்கவில்லை. கூப்பிட்டவனுடைய கழுத்தைப் பிடித்தார்கள். அவன் கதவைச் சாத்தினான்.

நாம் யார் கழுத்தைப் பிடித்தோம்?

2012 செப்டம்பரில், சாஞ்சிப் பேச்சு அடிபட்டுக்கொண்டிருந்த அந்த மாதத்தில், வேளாங்கண்ணிக்கும் பூண்டி மாதா கோயிலுக்கும் இலங்கையிலிருந்து வந்திருந்த யாத்திரிகர்களை விரட்டினோம். பெண்களும் பிள்ளைகளும் ஊர் திரும்பத் திருச்சிக்குப் போன பஸ்களின் மேல் கல்லெறிந்தோம். அந்தக் கூட்டத்தில் தமிழ் பேசுகிறவர்களும் இருந்தார்கள்! மாதாவிடம் போய் மெழுகுவர்த்தி ஏற்றுவது மூட நம்பிக்கை என்பது நம் கட்சி; அது வேறு. மெழுகுவர்த்தி ஏற்ற வந்தவள் முள்ளிவாய்க்காலில் குண்டு போட்டவள் ஆகமாட்டாள். அதே மாதத்தில் சென்னை நேரு ஸ்டேடியத்தில் பந்தாட வந்த இலங்கைப் பள்ளிப் பையன்களைத் திருப்பியனுப்பச் சொல்லி முதன்மந்திரி ஜெயலலிதா அம்மையார் உத்தரவு போட்டார்; ஆட இடம் கொடுத்த அதிகாரியை வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார். பலே, வீரம்! 2013 மார்ச்சில் தொல்பொருள் படிப்புக்காக வந்திருந்த ஒரு பிக்ஷுவைத் தஞ்சைப் பெரிய கோயிலில் அடித்தார்கள். கொழும்பில் ராஜபக்ஷே இதையெல்லாம் கேட்டு வருந்தியிருப்பாரா, மகிழ்ந்திருப்பாரா? "பாருங்கள், தமிழர்கள் நம் இனத்தையே வெறுக்கிறவர்கள்" என்று தம் ஜனங்களிடம் காட்ட அவருக்கு இதைவிட நல்ல சாட்சியம் யார் கொடுப்பார்கள்?

இதைவிடக் கொடுமை ஒன்று உண்டு. சாஞ்சி விஜயத்தை ஆட்சேபித்து 2012 செப்டம்பரில் சேலத்தில் ஆட்டோ ஓட்டும் இளைஞர் ஒருவர் தமக்குத் தாமே தீ வைத்துக்கொண்டு மாண்டார். தலைவர்கள் மாலை போட்டார்கள், "தியாகி" என்றார்கள். நாம் அந்த வார்த்தையைச் சொல்லமாட்டோம். அந்தப் பிள்ளையைக் குறை சொல்வதற்காக அல்ல. அடுத்த பிள்ளையும் அதைக் கேட்டுக்கொண்டிருக்கின்றான் என்பதற்காக. புருஷன் சிதையில் பெண்ணைத் தள்ளிவிட்டுப் பிறகு அவளைத் தெய்வமென்று கும்பிட்ட தேசம் இது. உயிரை விட்டவனுக்குச் சிலையும் உயிரோடிருப்பவனுக்கு லத்தியும் என்ற பழைய புத்திதான் இங்கே தமிழ்ப் பற்று வேஷம் போட்டு வருகின்றது. மேடையில் அழுதவர்களில் எத்தனை பேர் பதவியை விட்டார்கள்? 2009-ல் யுத்தம் நடந்தபோது டில்லி மந்திரிசபையில் தமிழ்நாட்டு மந்திரிகள் இருந்தார்கள், தி.மு.க. அந்தக் கூட்டணியை விட்டு வெளியே வந்தது 2013 மார்ச்சில். 2009 அக்டோபரிலோ தமிழ்நாட்டுப் பார்லிமெண்டு அங்கத்தினர் பத்துப் பேர் கொழும்புக்கே போய் ராஜபக்ஷேயைக் கண்டு பேசித் திரும்பினார்கள். ஏழைப் பிள்ளையின் உயிர் அவ்வளவு மலிவா? சந்தவாசலிலும் ஆரணியிலும் தறிக்குழியில் காலை விட்டுக்கொண்டு ரேடியோவில் இதையெல்லாம் கேட்கின்ற பிள்ளைகளுக்குச் சொல்லுகின்றோம்: உன் உடம்பு உன் எதிரிக்கு எதிரான சாட்சி, அதை அழித்தால் லாபம் அவனுக்கே.

நிற்க. கடைசியாகத் திருப்பதிக்கு வருவோம். இதற்குத்தான் அந்தத் தோழர் கடிதத்தை இவ்வளவு கவனமாய் எடுத்துக்கொண்டோம்.

2013 பிப்ரவரி 8-ந் தேதி ராஜபக்ஷே புத்தகயாவுக்கு வந்து அங்கிருந்து திருப்பதிக்குப் பறந்தார். "இது சொந்த யாத்திரை, அரசியல் இல்லை" என்றார்கள். சொந்த யாத்திரைக்குப் போலீஸ் படை எதற்கு? ஆட்சேபிக்கப் போனவர்களைப் பிடித்து அடைத்தது எதற்கு? மறுநாள் விடியுமுன் சுப்ரபாத சேவை. பிறகு கோயில் மரியாதை, பிரசாதம். கடவுளையே ஒப்புக்கொள்ளாத பௌத்த மார்க்கத்தைச் சேர்ந்தவர் வெங்கடேசனிடம் ஏன் வருகின்றார் என்று அர்ச்சகர் ஒருவராவது கேட்டாரா? கேட்கமாட்டார். அதிகாரமுள்ளவனுக்கு எந்த மதமானாலும் கதவு திறக்கும். அங்கே சாத்துகிற பட்டை நெய்கிற ஜாதியில் பிறந்தவன் போனால் கூண்டில் மணிக்கணக்காய் அடைபட்டு நின்று, ஒரு வினாடி எட்டிப் பார்ப்பதற்குள் "ஜரகண்டி, ஜரகண்டி" என்று பிடரியில் கை வைத்துத் தள்ளப்படுகின்றான். தள்ளினவனுக்குக் கும்பிடு போட்டுவிட்டு உண்டியலில் கூலிப்பணத்தைப் போட்டு வருகின்றான்.

சரி, அந்தக் கடவுளாவது வந்தவருக்கு உதவினாரா? 2014 டிசம்பரில் மறுபடியும் திருப்பதி வந்தார். பதவிக்காலம் முடிய இன்னும் இரண்டு வருஷமிருக்கையிலேயே ஜோசியர் பேச்சை நம்பி 2015 ஜனவரி 8-ல் தேர்தல் வைத்தார், தோற்றார். 2020 பிப்ரவரியில் பிரதம மந்திரியாக வந்தார். 2021 டிசம்பரில் திரும்பவும் வந்தார். 2022 மே 9-ல், சோற்றுக்கும் பெட்ரோலுக்கும் அலைந்த சிங்கள ஜனங்களே அவரைப் பதவியிலிருந்து இறக்க, திருக்கோணமலைக் கடற்படைத் தளத்தில் போய் ஒளிந்துகொண்டார். ஏழுமலையானுடைய யோக்கியதை இது! தமிழனுக்கும் உதவவில்லை, தமிழனைக் கொன்றவனுக்கும் உதவவில்லை. இருவரிடமும் காணிக்கை வாங்கிக்கொண்டார்.

அவரை இறக்கிய அந்தக் கூட்டம் கொழும்பு காலிமுகத் திடலில் கூடாரம் போட்டுக்கொண்டிருந்தது. 2022 மே 18-ந் தேதி அதே திடலில், சிங்களவர்களும் தமிழர்களும் சேர்ந்து நின்று முள்ளிவாய்க்காலில் செத்தவர்களுக்கு அஞ்சலி செய்தார்கள். கஞ்சி காய்ச்சி ஒருவருக்கொருவர் கொடுத்தார்கள். பூண்டியில் நாம் விரட்டியவர்களின் பிள்ளைகள் அந்த வரிசையிலும் நின்றிருக்கக் கூடும்.

நம் தோழர் தமது கடிதத்தின் அடியில், சொல்ல மறந்ததுபோல ஒரு வரி சேர்த்திருக்கின்றார்: வருகிற புரட்டாசிக்கு வீட்டார் திருப்பதி போவதாயிருக்கிறார்களாம், கண்ணமங்கலத்து வேன்காரரிடம் பேசி அட்வான்சும் கொடுத்தாய்விட்டதாம். டீக்கடைப் பெரிய மனிதருக்குச் சொல்ல வேண்டிய பதிலை மேலே எழுதிவிட்டோம். தோழருக்கு நாம் எழுதுவது இவ்வளவுதான்: ராஜபக்ஷேக்குக் கதவு திறந்து மரியாதை செய்த இடத்துக்கு உங்கள் வீட்டுத் தறிக்கூலி போகக் கூடாது. டில்லிக்காரனிடம் கேட்பதற்கு முன் அதை வீட்டில் கேளுங்கள். வேன்காரர் அட்வான்சைத் திருப்பித் தரமாட்டேன் என்றால் அந்த நஷ்டத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.