தட்டானின் கண்ணும் நம் பொறுமையும்

மழைக்காலத்தில் தேஹு ரோட்டின் திறந்த வெளிகளிலும் இந்திராயணி ஆற்றங்கரையிலும் தட்டான்கள் பறப்பதைக் காணலாம். தமிழில் தட்டான் என்றும் தும்பி என்றும் வழங்கும் இப்பூச்சியை மராத்தியில் 'சதுர்' என்பர். திறமை மிக்கது என்பது அதன் பொருள். அத்திறமைக்குத் துணை செய்பவை அதன் கண்கள். தலையின் பெரும்பகுதியை அவையே நிறைத்திருக்கின்றன. ஒவ்வொன்றும் ஆயிரக்கணக்கான சிறுகண்கள் இணைந்த கூட்டுக்கண். வீட்டு ஈயின் ஒரு கண்ணில் ஏறத்தாழ 4,000 சிறுகண்கள் உள்ளன. பெரிய தட்டான்களின் கண்ணிலோ அவை 28,000 வரை இருக்கும். ஒவ்வொரு சிறுகண்ணும் காட்சியின் ஒரு சிறு பகுதியைக் காண்கிறது. அப்பகுதிகள் சேர்ந்து முழுக் காட்சியாகின்றன.

இவ்வமைப்பை மிக அண்மையிலிருந்து படம் பிடிப்பதே மேக்ரோ ஒளிப்படக்கலை. கைப்பேசியில் ஒரு சிறு வில்லையைப் பொருத்தி மாணவரும் இன்று இதைச் செய்யலாம். ஆனால், இத்தகைய படத்தில் தெளிவாகப் பதியும் பகுதி மிகவும் மெல்லியது. பூச்சி சற்று அசைந்தாலும் படம் மங்கிவிடும். ஆகவே சிலர் பூச்சியைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து மயங்கச் செய்கின்றனர். சிலர் பசையால் ஒட்டுகின்றனர். சிலர் கொன்றே விடுகின்றனர். தட்டானின் வாலில் நூல் கட்டிப் பறக்கவிடும் விளையாட்டைப் பெரியவர்கள் கண்டிப்பதுண்டு. இதுவும் அதே விளையாட்டின் புதிய வடிவமே. ஒரு படத்திற்காக உயிரை வதைப்பது தவறு. தேவையற்றதும்கூட என்பதே என் கருத்து.

1665ஆம் ஆண்டில் ராபர்ட் ஹூக் என்னும் ஆங்கில அறிவியலாளர் 'மைக்ரோகிராபியா' என்னும் நூலை வெளியிட்டார். ஈ ஒன்றின் தலையை வெட்டி நுண்ணோக்கியின் கீழ் வைத்து, அதன் கூட்டுக்கண்ணை அந்நூலுக்காக வரைந்தார். அசையாமல் நில்லாத எறும்புக்கு மது கொடுத்து மயக்கியதையும் அதில் எழுதியுள்ளார். கண்ணால் பார்த்துக் கையால் வரைய வேண்டிய காலம் அது. நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரத்தில் காட்சியைப் பதிக்கும் கருவி அவரிடம் இல்லை, நம்மிடம் இருக்கிறது. அவருக்கிருந்த தேவை நமக்கு இல்லை.

மேலும், கொல்வதால் நாம் தேடிய அழகே மறைகிறது. இறந்த தட்டானின் கண்ணிலுள்ள பச்சையும் நீலமும் விரைவில் மங்கிவிடும். உயிருள்ள கும்பிடுபூச்சியின் கண்ணிலோ ஒரு கரும்புள்ளி தெரியும். நாம் எப்பக்கம் நகர்ந்தாலும் அது நம்மையே நோக்குவதுபோல் தோன்றும். அது மெய்யான கண்மணி அன்று. நம்மை நேராக நோக்கும் சிறுகண்கள் ஒளியை உள்வாங்குவதால் அவ்விடம் மட்டும் கருமையாகத் தெரிகிறது.

ஒரு பூச்சி இறந்தால் என்ன குறை என்று கேட்போர் உண்டு. தட்டான் கொசுக்களை உண்கிறது. நீரில் வாழும் அதன் இளம் உயிரிகள் கொசுப் புழுக்களை உண்கின்றன. மழையோடு வரும் மஞ்சள் தட்டான்கள் மாலத்தீவு வழியாகக் கடலைக் கடந்து ஆப்பிரிக்காவிற்குச் செல்கின்றன என அறிவியலாளர் கருதுகின்றனர். நம் பெற்றோரைப் போல அவையும் ஊர்விட்டு ஊர் செல்பவை. அத்தகைய பயணியை ஒரு படத்திற்காகத் தடுத்து நிறுத்தலாமா?

நல்ல படத்திற்கு வேறு வழி உண்டு. அதிகாலைக் குளிரில் பூச்சிகள் புல் நுனிகளில் அசையாமல் அமர்ந்திருக்கும். வெயில் பட்டு உடல் சூடேறிய பின்னரே பறக்கும். அவ்வேளையில் நம் நிழல் அதன்மேல் விழாதபடி மெல்ல நெருங்க வேண்டும். பறந்துவிட்டால் மறுநாளும் முயல வேண்டும்.

பள்ளிக் கண்காட்சியில் வைக்கும் ஒவ்வொரு பூச்சிப் படத்தின் கீழும், அது எங்கே, எப்போது, எவ்வாறு எடுக்கப்பட்டது என்பதையும், படம் எடுத்தபின் அப்பூச்சி பறந்து சென்றதா என்பதையும் எழுதும் வழக்கம் வரவேண்டும். பரிசு வழங்குவோர் படத்தைப் பார்க்குமுன் அவ்வரிகளைப் படிக்கட்டும்.