காப்பர் வைண்டிங்கும் பிளஸ் ஒன் விதிவிலக்கும்

பீளமேடு, கணபதி பக்கம் எந்த மோட்டார் பட்டறையில் கேட்டாலும் "காப்பர் வைண்டிங்குங்க" என்று பெருமையாகச் சொல்வார்கள். ஏன் காப்பர்? "கரன்ட்டை நல்லா கடத்துமுங்க." அது ஏன் நல்லா கடத்துது? அங்கேதான் பேச்சு நின்றுவிடும். விடையின் தொடக்கம், அதே பட்டறைக்காரரின் மகளோ மகனோ பிளஸ் ஒன் வேதியியலில் மனப்பாடம் செய்யும் வரியில் இருக்கிறது: குரோமியமும் காப்பரும் விதிவிலக்கு.

எதற்கு விதிவிலக்கு? எலக்ட்ரான்கள் கோள்கள் மாதிரி அணுக்கருவைச் சுற்றுவதில்லை. அவை இருக்க அதிக வாய்ப்புள்ள பகுதிதான் ஆர்பிட்டால். ஒரு ஆர்பிட்டாலில் அதிகபட்சம் இரண்டு எலக்ட்ரான். எஸ் வகையில் ஒரே அறை, டி வகையில் ஐந்து அறைகள். பாடப்புத்தக வரிசைப்படி 4எஸ் முதலில் நிரம்பும், அப்புறம்தான் 3டி (சினிமா 3டி இல்லை).

காப்பரில் 29 எலக்ட்ரான். உள்ளே 18 போக மீதி 11. கணக்குப்படி 4எஸ்-ல் 2, 3டி-யில் 9 இருக்கணும். இருப்பதோ 4எஸ்-ல் 1, 3டி-யில் 10. டி அறைகள் அத்தனையும் ஹவுஸ்ஃபுல்.

இப்போ இரும்பைப் பார்ப்போம். எண் 26, காப்பருக்கு மூன்று இடம் முன்னால். 3டி-யில் 6 எலக்ட்ரான்: ஒரு அறையில் ஜோடி, மற்ற நான்கில் ஒற்றை. ஜோடி சேராத இந்த எலக்ட்ரான்கள் பக்கத்து அணுக்களோடு ஒரே திசையில் அணிவகுப்பதுதான் இரும்பின் காந்த குணம். காப்பரின் டி அறைகளில் எல்லாம் ஜோடி, காந்தம் ஒட்டாது.

மின்தடையின் கதையும் இங்கேதான் இருக்கிறது. உலோகத்தில் கரன்ட்டைச் சுமக்கும் எலக்ட்ரான்கள், இரும்பில் காலியாக இருக்கும் டி இடங்களுக்குள் சிதறிப் போய்விடும். காப்பரில் அப்படிப் போக இடமே இல்லை. இரும்பின் மின்தடை எண் காப்பரைப் போல சுமார் 6 மடங்கு.

ஆக, காந்தத்துக்கு இரும்பு ஸ்டாம்பிங், கரன்ட்டுக்கு காப்பர் கம்பி. டி அறை நிரம்பாத ஒன்றும் நிரம்பிய ஒன்றும் சேர்ந்ததுதான் மோட்டார். 1937-ல் ஜி.டி.நாயுடுவும் டி.பாலசுந்தரம் நாயுடுவும் இந்தியாவிலேயே தயாரான முதல் மின்மோட்டாரைக் கொண்டுவந்த ஊர் கோவை. அந்த ஊர்ப் பிள்ளைகளுக்கே இது வெறும் ஒரு மார்க் கேள்வியாகப் போய்ச் சேருவது அநியாயம்.

சொல்லித்தரும் காரணமும் அரைகுறை. 'பாதி நிரம்பினாலோ முழுசா நிரம்பினாலோ கூடுதல் நிலைத்தன்மை' என்பது மந்திரம் மாதிரி ஓதப்படுகிறது. குரோமியத்தின் அதே தொகுதியில் இருக்கும் டங்ஸ்டன் இந்த மந்திரத்துக்குக் கட்டுப்படுவதில்லை. அதற்கு 5டி-யில் 4, 6எஸ்-ல் 2. உண்மையில் 3டி, 4எஸ் இரண்டின் ஆற்றலும் மிக நெருக்கம். அணுக்கருவில் புரோட்டான் கூடக் கூட 3டி வேகமாகக் கீழிறங்கும். காப்பர் வரும்போது அதில் இருப்பதே லாபம்.

நீட் நெருக்கடியில், நாமக்கல் ஹாஸ்டல் கால அட்டவணையில் இதற்கெல்லாம் நேரம் ஏது என்று கேட்பார்கள். எரிந்துபோன பம்ப்செட் மோட்டார் ஒன்றும் பழைய ஸ்பீக்கர் காந்தமும் இருந்தால் பத்து நிமிஷம் போதும். ஸ்டாம்பிங்கில் ஒட்டும், காயிலில் ஒட்டாது. கூடவே ஒரு அலுமினியக் கம்பியையும் வைக்கலாம். டி எலக்ட்ரானே இல்லாத உலோகம், காந்தமும் ஒட்டாது, ஆனால் கடத்துவதோ காப்பரில் சுமார் 60 சதவீதம்தான். ஏன் என்று வகுப்பில் ஒரு பிள்ளையாவது கேட்கும்.