சிங்கக்குட்டிக்குப் பால் கொடுக்க ரெண்டு லட்சமா?

பரீட்சை, ரெக்கார்டு நோட்டு என்று ரொம்ப நாளாக இந்தப் பக்கம் வரவில்லை. இன்றைக்கு எழுத வைத்தவன் என்கூடப் படிக்கிற நண்பன் ஒருத்தன்.

போன வாரம் ஒரு போட்டோ அனுப்பினான். தென்னாப்பிரிக்காவில் ஏதோ ஒரு பண்ணை. மடியில் சிங்கக்குட்டியை வைத்துக்கொண்டு ஒரு பொண்ணு பாட்டிலில் பால் கொடுக்கிறாள். கீழே, 'சிங்கங்களைக் காப்பாற்ற வாருங்கள், நான்கு வார வாலன்டியர் திட்டம்' என்று விளம்பரம். விமான டிக்கெட்டோடு ரெண்டு லட்சத்தைத் தாண்டுகிறது. "லீவுல போலாமாடா? சர்டிபிகேட் தர்றாங்க, ரெஸ்யூமேல போட்டுக்கலாம்" என்கிறான். அவங்கப்பா திருத்தணி மலையடிவாரத்தில் பூஜைச் சாமான் கடை வைத்திருக்கிறார். பையன் கேட்டால் வட்டிக்கு வாங்கியாவது கொடுத்துவிடுவார். அதுதான் எனக்குப் பயம். டேய், நீயும் இதைப் படிப்பேன்னு தெரியும், முழுசாப் படி :-)

அந்தக் குட்டி எங்கிருந்து வந்தது என்று முதலில் கேட்க வேண்டும். 'அம்மா இல்லாத குட்டி' என்பார்கள். பல பண்ணைகளில் அம்மா அடுத்த கூண்டிலேயே இருக்கும். பிறந்த சில நாளில் குட்டியைப் பிரித்துவிட்டால் தாய் சீக்கிரம் அடுத்த ஈற்றுக்குத் தயாராகிவிடும். வியாபாரம்தான். குட்டி வளர்ந்ததும் 'சிங்கத்தோடு நடை' என்று டிக்கெட் போடுவார்கள். இன்னும் வளர்ந்தால் வேலிக்குள் விட்டு, காசு கொடுத்தவன் சுடுவான். எலும்பு கிழக்காசியாவுக்குப் போகும். 2018-ல் மட்டும் 1,500 சிங்க எலும்புக்கூடுகளை ஏற்றுமதி செய்ய தென்னாப்பிரிக்க அரசு ஒதுக்கீடு கொடுத்தது. அடுத்த வருஷம் கோர்ட் அந்த ஒதுக்கீடு செல்லாது என்றது. 2015-ல் வந்த 'பிளட் லயன்ஸ்' ஆவணப்படத்தில் இதெல்லாம் இருக்கிறது, பாருங்கள். இந்த வளர்ப்புத் தொழிலை முடிவுக்குக் கொண்டுவரப் போவதாக 2021-ல் அந்த அரசே அறிவித்தது. ஆனால் அறிவித்தவுடனே பண்ணைகள் மறைந்துவிடவில்லை. பாட்டில் பால் குடித்து, மனிதன் மடியில் வளர்ந்த சிங்கம் காட்டுக்குத் திரும்பாது. அப்புறம் எதைக் காப்பாற்றினோம்?

வெளிநாடே போகாதே என்று சொல்ல வரவில்லை. நமீபியாவில் லாரி மார்க்கர் 1990-ல் ஆரம்பித்த சிவிங்கிப்புலி பாதுகாப்பு நிதியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2022 செப்டம்பரில் நம்ம குனோவுக்கு எட்டு சிவிங்கிகள் வந்தது அந்த நாட்டிலிருந்துதான். அங்கே விவசாயிகள் ஆடு மாட்டைக் காக்க சிவிங்கியைச் சுட்டுக்கொண்டிருந்தார்கள். நிதியம் என்ன செய்தது? 1994-லிருந்து துருக்கி இனத்துக் காவல் நாய்களை வளர்த்து விவசாயிகளுக்குக் கொடுத்தது. ஆடு தப்பியதால் சிவிங்கியும் தப்பியது. எனக்கு இதில் பிடித்த விஷயம், புலியைக் காப்பாற்ற ஆட்டுக்காரரிடம் போய் உட்கார்ந்ததுதான். இந்த மாதிரி இடத்தில் வாலன்டியருக்குக் கிடைப்பது எச்சத்தைச் சலித்து முடி பொறுக்குவது, தண்ணீர்க்குட்டையில் மணிக்கணக்கில் உட்கார்ந்து எண்ணுவது. போட்டோவுக்கு ஆகாது.

இதெல்லாம் ஆப்பிரிக்கா சமாச்சாரம் என்று விட முடியவில்லை. எங்க ஊரிலிருந்து நகரி, புத்தூர் தாண்டினால் திருப்பதி, பஸ்ஸில் ரெண்டு மணி நேரம். 2023 ஜூனில் அலிபிரி நடைபாதையில் மூணு வயசுப் பையனைச் சிறுத்தை கவ்விப்போய், ஜனங்கள் சத்தம் போட்டதும் விட்டுவிட்டது. ஆகஸ்டில் அதே பாதையில் ஆறு வயசுப் பெண் குழந்தை செத்துப்போனாள். எங்க தெருவில் பாதி வீடுகள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அந்தப் படி ஏறியவர்கள். கூண்டு வைத்து ஒன்றன்பின் ஒன்றாகச் சிறுத்தைகளைப் பிடித்தார்கள். பக்தர்கள் கையில் குச்சி கொடுத்தார்கள். டிவியில் குச்சியை வைத்து ஒரு வாரம் காமெடி நடந்தது.

குழந்தை செத்த இடத்தில் கூண்டு வைக்காதே என்று யாராலும் சொல்ல முடியாது. நானும் சொல்லவில்லை. ஆனால் பிடித்ததை என்ன செய்வது என்பதில்தான் ஆராய்ச்சி வேண்டும். மகாராஷ்டிராவில் ஜுன்னர் பக்கம் 2001-லிருந்து சிறுத்தைகளைப் பிடித்து வேறு காட்டில் விட்டார்கள். அதற்கு முன் வருஷத்துக்குச் சராசரி நாலு தாக்குதல், அதற்குப் பிறகு 17. வித்யா ஆத்ரேயாவும் கூட இருந்தவர்களும் கணக்கெடுத்து 2011-ல் வெளியிட்டார்கள். நல்லெண்ணத்தில் செய்த வேலைதான், விளைவு தலைகீழ். அதே மாநிலத்தில் அகோலே பக்கம் கரும்புக்காட்டிலேயே வாழ்கிற சிறுத்தைகளின் எச்சத்தைப் பிரித்துப் பார்த்தால், சாப்பாட்டில் முதலிடம் நாய்க்கு. குப்பை இருந்தால் நாய், நாய் இருந்தால் சிறுத்தை. (திருவாலங்காடு சர்க்கரை ஆலைக்குப் போகிற வழியெல்லாம் கரும்பு. ராத்திரி டூவீலரில் அந்தப் பக்கம் போகும்போது இப்போதெல்லாம் இது ஞாபகம் வருகிறது.)

2022 கணக்குப்படி தமிழ்நாட்டில் சுமார் 1,070 சிறுத்தைகள், ஆந்திராவில் 569. இவ்வளவை வைத்துக்கொண்டு நாம் சிங்கத்தைத் தேடி ஆப்பிரிக்கா போகிறோம்.

நம்மாளுக்கு இது வருமா என்று கேட்பவர்களுக்கு ஒரு பெயர்: ஏ.ஜே.டி. ஜான்சிங். நாங்குநேரிக்காரர். சிவகாசி அய்ய நாடார் ஜானகி அம்மாள் கல்லூரியில் விலங்கியல் வாத்தியார். 1976-லிருந்து 78 வரை பந்திப்பூரில் செந்நாய்க் கூட்டங்களின் பின்னால் நடந்தார். கொன்று தின்ற மான்களைப் பார்த்துக் குறித்துக்கொண்டார், எச்சம் பொறுக்கினார். நம் நாட்டுக்காரர் ஒருவர் காட்டில் பெரிய விலங்கை வைத்துச் செய்த ஆராய்ச்சிகளில் அதுதான் முன்னோடி. பிறகு டேராடூன் இந்திய வனவிலங்கு நிறுவனத்தில் ஒரு தலைமுறை ஆராய்ச்சியாளர்களை உருவாக்கினார். 2024 ஜூனில் காலமானார். அப்போது எங்க வகுப்பில் எத்தனை பேருக்கு அவரைத் தெரிந்திருந்தது? எனக்கே அஞ்சலிக் கட்டுரை படித்துத்தான் தெரியும்.

ஆகவே நண்பா, களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்தில் கணக்கெடுப்புக்கு வாலன்டியர்களைச் சேர்க்கிறார்கள். காலேஜ் பசங்களும் போகிறார்கள். ஊனுண்ணித் தடம் பார்க்கிற மூணு நாளும் தினம் அஞ்சு கிலோமீட்டர், கண்ணைத் தரையில் வைத்தே நடை. புலியைப் பார்ப்பாய் என்று உத்தரவாதம் இல்லை. அநேகமாகப் பார்க்க மாட்டாய். முன்னால் நடக்கிற வேட்டைத் தடுப்புக் காவலர், நீ மிதிக்கப்போன கால்தடத்தைக் காட்டி, அது எந்த மிருகம், எப்போது போனது என்று சொல்வார். அந்தப் படிப்புக்கு எங்கேயும் ரெண்டு லட்சம் வாங்குவதில்லை.

அப்பாவிடம் திருநெல்வேலிக்கு ரயில் டிக்கெட் மட்டும் கேள். அறிவிப்பு வந்ததும் ரெண்டு பேரும் சேர்ந்தே விண்ணப்பம் போடுவோம். அட்டைக்கு நீளமான சாக்ஸ் நான் வாங்கி வைக்கிறேன்.