ராணுவ லாரியை வீட்டிலேயே ரிப்பேர் செய்ய முடிகிறது... செல்போனை ஏன் முடியவில்லை?

செல்போன் பேட்டரி வீங்கினால் என்ன செய்வோம்? நேரே சர்வீஸ் சென்டர்தான். பின்பக்க மூடியைக் கழற்றுவதற்கே பயம். ஆனால் அமெரிக்காவில் சாதாரண ஆட்கள் சிலர், சுமார் 6 டன் எடையுள்ள பழைய ராணுவ டீசல் லாரியை ஏலத்தில் எடுத்து, வீட்டு வளாகத்திலேயே பிரித்துப் பழுது நீக்கி ஓட்டுகிறார்கள். இது எப்படி முடிகிறது? பழைய வண்டி, அதனால் எளிது என்று சொல்லிவிடலாம். அது பாதி பதில்தான்.

அப்படி என்ன லாரி அது?

பெயர் எம்35ஏ2. ராணுவத்தினர் வைத்த செல்லப்பெயர் ‘டியூஸ் அண்ட் எ ஹாஃப்’. சாலையில்லாத நிலத்தில் இரண்டரை டன் சுமக்கும் என்பதால் அப்படி அழைத்தார்கள். 1950-களில் வந்த எம்35 வரிசையின் அடுத்த வடிவம் இது. வியட்நாம் போரில் ஓடி உழைத்த வண்டி. மூன்று அச்சுகளுக்கும் இன்ஜின் விசை போகும். ஆறு சிலிண்டர், 7.8 லிட்டர் இன்ஜின். டீசல் இல்லையா? மண்ணெண்ணெயோ விமான எரிபொருளோ ஊற்றினாலும் ஓட வேண்டும் என்று திட்டமிட்டே செய்தார்கள்.

இதில் கம்ப்யூட்டர் கிடையாது.  இன்ஜினை நிறுத்தச் சுவிட்சைத் திருப்பினால் போதாது. ஒரு கேபிளைக் கையால் இழுக்க வேண்டும். எந்தப் பாகம் எதைச் செய்கிறது என்பதைக் கண்ணால் பார்த்தே புரிந்துகொள்ளலாம்.

மீதிப் பாதி பதில் எங்கே?

கையேட்டில். இந்த லாரிக்கு அமெரிக்க ராணுவம் அடுக்கடுக்காகத் தொழில்நுட்பக் கையேடுகளை வெளியிட்டது. ஓட்டுநர் பார்க்க வேண்டிய வேலைக்கு ஒன்று, படைப்பிரிவு மெக்கானிக்குக்கு ஒன்று, பெரிய ஒர்க்‌ஷாப்புக்கு இன்னொன்று. எந்த போல்ட்டை எவ்வளவு இறுக்க வேண்டும், எந்த இடத்தில் எந்த கிரீஸ், எல்லாமே படத்தோடு இருக்கும். அமெரிக்க மத்திய அரசின் ஆவணங்களுக்கு அங்கே காப்புரிமை கிடையாது. அதனால் இன்று யார் வேண்டுமானாலும் படிக்கலாம்.

இன்னொரு சுவாரசியம். பராமரிப்பைச் சொல்லிக்கொடுக்க 1951-ல் ‘பி.எஸ்.’ என்ற மாத இதழை ராணுவம் தொடங்கியது. அதற்குப் படம் வரைந்தவர் புகழ்பெற்ற காமிக்ஸ் கலைஞர் வில் ஐஸ்னர். 1971 வரை அந்தப் பணியில் இருந்தார். காரணம் எளிது. படிக்கப்போவது இன்ஜினீயர் அல்ல, புதிதாகச் சேர்ந்த இளம் சிப்பாய். அவருக்குப் புரியாவிட்டால் வண்டி நடுவழியில் நிற்கும். வண்டி நின்றால் உயிர் போகும்.

ஆக, அந்த இளைஞருக்காக யோசித்து எழுதியதுதான் இன்று வீட்டில் ஸ்பேனர் பிடிப்பவருக்கும் கைகொடுக்கிறது. பழுது நீக்க முடிவது தற்செயல் இல்லை. யாரோ ஒருவர் எடுத்த முடிவு அது.

தினமும் என்ன பார்க்கிறார்கள்?

கையேடு முதலில் கற்றுத்தருவது ரிப்பேர் அல்ல, பார்வையிடுவது. வண்டியை எடுக்கும் முன், ஓட்டும்போது, நிறுத்திய பின் என மூன்று கட்டமாகப் பட்டியல் இருக்கிறது. ஆயில் அளவு, வண்டிக்கு அடியில் கசிவு, டயர் காற்று, எரிபொருள் வடிகட்டியில் சேர்ந்த தண்ணீர், பிரேக்குக்கான காற்றுத் தொட்டியில் தேங்கிய ஈரம்... ஐந்து பத்து நிமிட வேலைதான். பல நாள் நிறுத்தியே வைத்திருந்தால் இன்னும் கவனம் வேண்டும். டீசலில் தண்ணீர் சேரும், ரப்பர் குழாய்கள் இறுகி வெடிக்கும், பிரேக் சிலிண்டர் துருப்பிடிக்கும். ஓடாத வண்டிதான் அதிகம் கெடும்.

அப்போ எல்லாவற்றையும் நாமே செய்யலாமா?

கூடாது. இந்த லாரியின் மிகப் பெரிய பலவீனம் பிரேக். காற்றின் துணையோடு இயங்கும் ஹைட்ராலிக் பிரேக் இது. ஆனால் ஆறு சக்கர இடங்களுக்கும் சேர்த்து ஒரே இணைப்புதான். எங்காவது ஒரு குழாய் வெடித்தால் மொத்த பிரேக்கும் போய்விடும். மிஞ்சுவது ஹேண்ட் பிரேக் மட்டுமே. ‘ஓடுது, அப்புறம் பார்த்துக்கலாம்’ என்ற பேச்சுக்கே இங்கே இடமில்லை.

அடுத்தது சக்கரம். டயரை ரிம்மோடு பிடித்துவைப்பது ஒரு இரும்பு லாக் ரிங். அது சரியாக உட்காராமல் காற்று ஏற்றினால் குண்டு போலத் தெறிக்கும். ஆள் உயிரோடு மிஞ்சுவது கஷ்டம். இரும்புக் கூண்டுக்குள் வைத்துத்தான் காற்று ஏற்ற வேண்டும். கூண்டு இல்லையா? விவரம் தெரிந்த டயர் கடைக்குக் கொடுத்துவிடுவதே புத்திசாலித்தனம்.

‘மக்கள் கையில் கொடுத்தால் ஆபத்து’ என்று நிறுவனங்கள் சொல்வதற்கு இதுவே சாட்சி ஆகாதா? ஆகாது. லாக் ரிங் ஆபத்தானது என்று தெரிவதும் கையேட்டைப் படித்ததால்தான். மறைத்து வைத்தால் ஆபத்து குறையாது. ஆபத்து எங்கே என்று தெரியாமல் போகும், அவ்வளவுதான்.

இன்று நிலைமை என்ன?

தலைகீழ். பணம் கொடுத்து வாங்கிய டிராக்டரில் ஒரு பழுது என்றால், அதைச் சரிசெய்யத் தேவையான மென்பொருள் டீலரிடம் மட்டுமே இருப்பதாக அமெரிக்க விவசாயிகள் குமுறுகிறார்கள். கொலராடோ மாகாணம் 2023-ல் இதற்காகவே ஒரு சட்டம் இயற்றியது. ஜான் டீர் நிறுவனத்தின் மீது அமெரிக்க வர்த்தக ஆணையம் 2025 ஜனவரியில் வழக்கே தொடுத்தது. ஒரு காலத்தில் சிப்பாய்க்குப் படம் போட்டுச் சொல்லிக்கொடுத்த அதே ராணுவம், தன் தளவாடங்களைத் தானே பழுது நீக்கும் உரிமையை ஒப்பந்தங்களில் கேட்க வேண்டும் என்று 2025 ஏப்ரலில் உத்தரவு வந்தது. இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

பிரான்ஸ் 2021-ல் செல்போன், லேப்டாப் போன்றவற்றுக்கு ‘எவ்வளவு எளிதில் பழுது நீக்கலாம்’ என்று மதிப்பெண் போட வைத்தது. இந்தியாவிலும் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பரில் பழுது நீக்கும் உரிமைக்கென ஒரு இணையதளத்தைத் தொடங்கியது. நல்ல தொடக்கம்தான். ஆனால் தகவலைத் தருவது நிறுவனங்களின் விருப்பம் என்றில்லாமல், சட்டப்படி கட்டாயம் என்றாக வேண்டும்.

எல்லோரும் லாரி வாங்கி ஸ்பேனர் பிடிக்க வேண்டாம். அடுத்த முறை போனோ பைக்கோ வாங்கும்போது கடைக்காரரிடம் ஒரு கேள்வி கேட்டால் போதும்: ‘இதுக்கு சர்வீஸ் மேனுவல் கிடைக்குமா? பார்ட்ஸ் தனியா தருவீங்களா?’ நிறையப் பேர் கேட்டால்தான் பதில் மாறும்.