பிள்ளை பேசவில்லையா? காத்திருக்காதீர்கள்!

“பையனுக்கு இரண்டு வயது முடிந்துவிட்டது. இன்னும் ‘அம்மா’ என்றுகூடச் சொல்லவில்லையே!”

“அதனால் என்ன? அவன் அப்பனும் நாலு வயதில்தான் வாய் திறந்தான்!”

மயிலாப்பூரிலும் மாம்பலத்திலும் பாட்டிமார் இப்படித்தான் ஆறுதல் சொல்கிறார்கள். அன்பான பேச்சுதான். ஆனால் ஆபத்தான பேச்சு!

மூளை மிக வேகமாக வளர்வது முதல் மூன்று ஆண்டுகளில். அப்போது கொடுக்கும் பயிற்சி சுலபமாகப் பதியும்.

நாலு மாதத்தில் தலை நிற்க வேண்டும். ஒன்பது மாதத்தில் உட்கார வேண்டும். ஒன்றரை வயதில் நடக்க வேண்டும். இல்லையென்றால், உடனே டாக்டரிடம் காட்டுங்கள். 2013-ல் வந்த அரசுத் திட்டப்படி, டாக்டர்கள் அங்கன்வாடிக்கே வந்து குழந்தைகளைப் பார்க்கிறார்கள். அங்கேயும் சொல்லலாம்.

தாயே வாத்தியார்!

தியாகராய நகரில் மதுரம் நாராயணன் மையம் இருக்கிறது. 1989-ல் தொடங்கியது. வளர்ச்சியில் பின்தங்கிய சிறு குழந்தைகளுக்குப் பயிற்சி தருகிறது.

அங்கே பிள்ளையை விட்டுவிட்டு வர முடியாது. தாயும் கூடவே உட்கார வேண்டும்! இரண்டு வயது வரை ஒரு குழந்தைக்கு வர வேண்டிய 250 திறமைகளைப் பட்டியல் போட்டிருக்கிறார்கள். உடல் அசைவு, தன் வேலையைத் தானே செய்வது, பேச்சு, அறிவு, பிறரோடு பழகுவது என்று ஐந்து வகை. எது வரவில்லையோ, அதைச் சொல்லிக் கொடுக்கத் தாய்க்குக் கற்றுத் தருகிறார்கள். பிறகு வீட்டில் சோறு ஊட்டும்போதும் பாடம்தான்!

பலன் உண்டா? ஜமைக்கா நாட்டில் 1986-87-ல் உடல் வளர்ச்சி குறைந்த 129 ஏழைக் குழந்தைகளை வைத்துச் சோதித்தார்கள். அவர்களில் ஒரு பகுதியினரின் வீட்டுக்கு, வாரம் ஒரு மணி நேரம் சுகாதார ஊழியர் போனார். பிள்ளையோடு பேசி விளையாடத் தாய்க்குக் கற்றுக் கொடுத்தார். இரண்டே ஆண்டுதான்! இருபது ஆண்டு கழித்துப் பார்த்தால், அந்தப் பிள்ளைகள் மற்றவர்களைவிட 25 சதவீதம் அதிகம் சம்பாதித்தார்கள்.

கூலி போகிறதே!

எல்லாம் சரி. அடையாற்றில் நாலு வீட்டில் பாத்திரம் தேய்க்கும் தாய் எப்படி வருவாள்? பஸ்ஸுக்குக் காசு வேண்டாம். 2021-ல் சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு இலவசம் ஆக்கினார்கள். ஆனால் அன்றைய கூலி?

அதைப் பிடிப்பது யார்? நாம்தான்! வாரத்தில் இரண்டு நாள் அவள் தாமதமாக வரட்டும். சம்பளத்தில் கை வைக்காதீர்கள்.

அரசுக்கும் ஒரு வார்த்தை. பயிற்சிக்கு வரும் ஏழைத் தாய்க்கு அன்றைய கூலியைக் கொடுங்கள். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரால் பிரசவத்துக்கு உதவித்தொகை தருகிற அரசுக்கு, இது முடியாத காரியமா?